நெஞ்சு எரியுது என்றால் எந்த எரிவு? அவுஸ்திரேலியாவில் உளவளத்துணை தேடும் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

எனக்கு அப்போது 13 வயது. அம்மாவுக்கும் டொக்டருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். "நெஞ்சு எரியுது எண்டு சொல்லு" என்றார் அம்மா. சொன்னேன். டொக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார், கறிக்குத் தூள் கூடப் போடுவீர்களா என்று கேட்டார், நெஞ்செரிவுக்குக் குளிசை எழுதித் தந்தார். அம்மா அதை ஆறு மாதம் போட்டார். அவருக்கு நெஞ்சு எரிந்தது அண்ணாவை நினைத்து. 2009 ஏப்ரலுக்குப் பிறகு அண்ணாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அதை என் வாயால் சொல்விக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை.

இன்று நான் உரைபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். இங்கே எல்லோரும் இன்டர்பிரிட்டர் என்றுதான் சொல்வார்கள். உளவளத்துணை (கவுன்சிலிங்) அறைகளுக்குள் கேட்ட எதையும் நான் வெளியே சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் கதை எங்கள் வீட்டுக் கதை மட்டும். வழிமுறைகள் எல்லோருக்கும் பொது. புதிதாக வந்தவர்களுக்கும், வந்து பத்து வருடமாகியும் இந்தக் கதவைத் தட்டாதவர்களுக்கும் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இதை வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் 000 அழையுங்கள். "அம்புலன்ஸ்", "டமில்" என்ற இரண்டு சொற்கள் போதும், உரைபெயர்ப்பாளரை இணைப்பார்கள். கதைக்க ஒருவர் வேண்டும் என்றால் லைஃப்லைன் 13 11 14, இரவு பகல் எந்நேரமும். ஆங்கிலம் சிரமம் என்றால் முதலில் அரசாங்க உரைபெயர்ப்புச் சேவையை 131 450இல் அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளருடன் லைஃப்லைனுக்கு இணைக்கச் சொல்லுங்கள்.

போக முன்பு வரும் இரண்டு பயங்கள்

முதல் பயம், "விசர் எண்டு எழுதிப் போடுவாங்கள்" என்பது. ஊரில் மனம் சரியில்லை என்றாலே மனநோய் ஆஸ்பத்திரி இருக்கும் அங்கொடை என்ற பெயர்தான் வாயில் வரும். அந்த ஒரு சொல்லால் எத்தனையோ பேர் வாயை மூடிக்கொண்டார்கள். இங்கே உளவளத்துணைக்கு வருகிறவர்கள் காலையில் வேலைக்குப் போய், பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மாலையில் சமைக்கிறவர்கள்தான். நித்திரை வராது, கோபம் கட்டுக்கடங்காது, சத்தம் கேட்டால் உடம்பு உதறும். அதற்கு வழி தேடி வருகிறார்கள். உளவளத்துணையாளரும் உளவியலாளரும் மருந்து எழுதுவதில்லை. கதைப்பதும், உடம்பையும் மூச்சையும் ஆற்றப் பழக்குவதும்தான் அவர்கள் வேலை. மருந்து எழுதுகிறவர்கள் ஜீபி எனப்படும் குடும்ப டொக்டரும், சைக்கியாட்ரிஸ்ட் எனப்படும் மனநல வைத்தியரும்.

இரண்டாவது பயம் விசா. அங்கே சொன்னது குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய்விடுமோ என்பது. உளவளத்துணையாளர் திணைக்களத்தின் ஆள் அல்ல. உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் குறிப்புகளை அங்கே அனுப்ப மாட்டார். இரகசியம் காப்பதற்கு விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ கடும் ஆபத்து, ஒரு பிள்ளைக்குத் துன்புறுத்தல், நீதிமன்றம் ஆவணம் கேட்பது. முதல் நாளே இவற்றை விளக்கிச் சொல்ல வேண்டியது அவர் கடமை. சொல்லாவிட்டால் "நான் சொல்வதை யாரிடம் சொல்வீர்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல. விசா வழக்கு நடந்துகொண்டிருந்தால் வழக்குக் கேள்விகளைச் சட்டத்தரணியிடம் தனியாகக் கேளுங்கள்.

படி 1: உங்கள் சொல்லிலேயே எழுதி வையுங்கள்

"டிப்ரஷன்", "ட்ரோமா" என்ற சொற்களைப் பாடமாக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. கன யோசனை, நெஞ்சுக்குள்ள அடைக்குது, தலை விறைக்குது, ஏக்கம், ஒண்டிலயும் மனம் செல்லுதில்லை. உங்களுக்கு வருவது எதுவோ அதை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் எப்போது வருகிறது, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எதைத் தவிர்க்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். ஹெலிகொப்டர் சத்தமா? சீருடைக்காரரா? புத்தாண்டு இரவு வெடியா?

உடம்பு நோவை விட்டுவிடாதீர்கள். எங்கள் ஆட்கள் மனத்தை உடம்பால்தான் சொல்வார்கள். ஆனால் நெஞ்சு எரிவுக்குப் பக்கத்தில் "அண்ணாவை நினைத்தால்" என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த இரண்டு சொற்கள் இல்லாததால்தான் அம்மாவுக்கு வயிற்றுக் குளிசை கிடைத்தது.

படி 2: எந்தக் கதவு?

இரண்டு கதவுகள் உண்டு. பலருக்கு முதலாவது மட்டும்தான் தெரியும்.

ஒன்று ஜீபி வழி. மெடிகெயார் என்ற அரசாங்க மருத்துவக் காப்புறுதி அட்டை உள்ளவர்கள் வழக்கமாகப் போகும் ஜீபியிடம் "மென்டல் ஹெல்த் ட்ரீட்மென்ட் பிளான்" என்ற மனநலச் சிகிச்சைத் திட்டத்தைக் கேட்கலாம். அதைக் கொண்டு உளவியலாளரிடம் போனால் ஒரு நாட்காட்டி ஆண்டில் 10 தனி அமர்வுகள் வரை மெடிகெயார் பணம் திருப்பித் தரும். முதலில் ஆறு வரை, பிறகு ஜீபியைத் திரும்பப் பார்த்து மிச்சம். மெடிகெயார் தருவது முழுக் கட்டணமாக இருக்காது. சில இடங்களில் ஒவ்வொரு முறையும் உங்கள் கையால் 100 டொலருக்கு மேலும் போகும். "பல்க் பில் செய்வீர்களா, நான் எவ்வளவு கட்ட வேணும்?" என்பதைப் பதிவு செய்யும்போதே கேளுங்கள். பல்க் பில் என்றால் உங்களிடம் காசு வாங்காமல் மெடிகெயாரிடமே எடுப்பது. வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டு, இரண்டாம் முறை காசுக்குப் பயந்து போகாமல் நிற்பதுதான் அடிக்கடி நடக்கிறது.

மற்றது, போர், சித்திரவதை, துரத்தல் இவற்றிலிருந்து தப்பி வந்தவர்களுக்கென்றே இருக்கும் சேவைகள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஆட்புலத்திலும் ஒன்றாக எட்டு. நியூ சவுத் வேல்ஸில் ஸ்டார்ட்ஸ், 1988 முதல். விக்டோரியாவில் பவுண்டேஷன் ஹவுஸ், 1987 முதல். குயின்ஸ்லாந்தில் க்யூபாஸ்ட், மேற்கு அவுஸ்திரேலியாவில் அசெட்ஸ், தெற்கு அவுஸ்திரேலியாவில் ஸ்டார்ஸ், கன்பராவில் கம்பானியன் ஹவுஸ், டாஸ்மேனியாவில் பீனிக்ஸ் சென்டர், டார்வினில் மெலலூக்கா. இவை இலவசம். டொக்டர் கடிதம் இல்லாமல் நீங்களே அழைக்கலாம், நண்பர் ஒருவரும் உங்கள் சம்மதத்துடன் அழைத்துச் சொல்லலாம். பிரிட்ஜிங் விசா என்ற இடைக்கால விசாவில் இருக்கும்போது மெடிகெயார் நின்றுபோனவர்களும் இங்கே கேட்டுப் பார்க்க வேண்டும். காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கலாம், ஆனால் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது கொடுக்காமல் காத்திருப்பதை விட நல்லது.

என்னைக் கேட்டால், போரையும் முகாமையும் கடந்து வந்தவர்கள் இரண்டாவது கதவை முதலில் தட்டுங்கள். அங்கே இருப்பவர்களுக்கு முள்ளிவாய்க்கால் எங்கே இருக்கிறது என்று நீங்கள் வரைபடம் கீறிக் காட்ட வேண்டி வராது. பத்து அமர்வுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற நெருக்கடியும் குறைவு.

12 முதல் 25 வயது வரையான பிள்ளைகளுக்கு ஹெட்ஸ்பேஸ் என்ற இளையோர் மனநல நிலையங்கள் உண்டு. கட்டணம் இல்லை, அல்லது மிகக் குறைவு.

தனியாக ஒருவரைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். "சைக்காலஜிஸ்ட்" என்ற பெயரைப் பதிவு பெற்றவர் மட்டும்தான் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். ஆப்ரா என்ற பதிவகத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். "கவுன்சிலர்" என்ற பெயருக்கு அந்தச் சட்டக் காவல் இல்லை. நல்ல கவுன்சிலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் படிப்பையும் எந்தத் தொழில்சார் அமைப்பில் அங்கத்துவம் என்பதையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

படி 3: உரைபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள்

131 450 என்பது டிஸ் நெஷனல் என்ற அரசாங்க உரைபெயர்ப்புச் சேவை. 24 மணி நேரமும் இயங்கும். அழைத்ததும் "டமில்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். தமிழ்க் குரல் வரும். யாரை அழைக்க வேண்டும், அவர்களது தொலைபேசி இலக்கம் என்ன என்று கேட்பார்கள். அதைக் கையில் வைத்திருங்கள். ஜீபிமார் மெடிகெயார் நோயாளிக்காக இந்தச் சேவையை இலவசமாகப் பெறலாம். தனியார் உளவியலாளருக்கு எல்லா இடத்திலும் அப்படிக் கிடைப்பதில்லை, ஆகவே "உரைபெயர்ப்பாளருக்கு யார் காசு கட்டுவது?" என்று முன்னரே கேளுங்கள். மேலே சொன்ன எட்டுச் சேவைகளும் தாங்களே ஒழுங்கு செய்யும்.

பதிவு செய்யும்போது "ஸ்ரீலங்கன்" என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். சிங்கள உரைபெயர்ப்பாளர் வந்து உட்கார்ந்தால் உங்களுக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம். "டமில்" என்று அழுத்திச் சொல்லுங்கள். இலங்கைத் தமிழ் வேண்டுமா என்பதையும் சொல்லலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த நல்ல உரைபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் "இயக்கம்", "பங்கர்", "ஆமி பிடிச்சது", "தடுப்பு" என்று நீங்கள் சொல்லும்போது அதன் கனம் புரிந்த காது ஒன்று அங்கே இருந்தால் பாதிப் பாரம் குறையும்.

எங்கள் சமூகம் சிறியது. கோயிலில் பார்க்கிற முகமே உரைபெயர்ப்பாளராக வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. அதற்கும் வழி உண்டு. தொலைபேசி வழி, வேறு மாநிலத்து உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்லாமல் நடத்தச் சொல்லுங்கள். ஆணா பெண்ணா என்று தெரிவு கேளுங்கள். உரைபெயர்ப்பாளர் "நீங்கள் எந்த ஊர்? ஆற்ற பிள்ளை?" என்று விசாரித்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தொழில் ஒழுக்கத்தில் அப்படிக் கேட்க இடமில்லை. நீங்கள் "நான்" என்று சொன்னால் நாங்களும் "நான்" என்றே ஆங்கிலத்தில் சொல்வோம், கூட்டவோ குறைக்கவோ கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது.

பிள்ளைகளை உரைபெயர்க்க வைக்காதீர்கள். வரவேற்பில் இருப்பவர் "உங்கள் மகள் நல்லா இங்கிலீஷ் கதைக்கிறாளே" என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தவள் என்ற உரிமையில் இதைக் கேட்கிறேன்.

படி 4: ஜீபியிடம் போகும் நாள்

"லோங் அப்பொயின்ட்மென்ட்" என்று கேட்டுப் பதியுங்கள். வழக்கமான நேரத்தில், அதுவும் உரைபெயர்ப்புடன், இது முடியாது. டொக்டர் பெரும்பாலும் கே10 என்ற பத்துக் கேள்வித் தாளை எடுப்பார். கடந்த நான்கு கிழமையில் எவ்வளவு அடிக்கடி இப்படி இருந்தீர்கள் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. ஆகக் குறைந்தது 10, ஆகக் கூடியது 50.

இதில் எங்கள் ஆட்கள் முதல் கேள்வியிலேயே வழுக்குவார்கள். தகுந்த காரணமில்லாமல் களைப்பாக இருந்ததா என்று அது கேட்கும். பல வருடங்களுக்குப் பிறகு, முறையான உரைபெயர்ப்பாளர் ஒருவருடன் அம்மாவுக்கு இதைக் கேட்டபோது, "காரணமில்லாமலோ? காரணம் இருக்குத்தானே!" என்றார். "இல்லை" என்ற இடத்தில் அடையாளம் விழுந்தது. இராத்திரி மூன்று மணிக்கு எழும்பி முற்றத்தில் நடக்கிற மனிசிக்குக் களைப்பே இல்லை என்று தாள் சொன்னது. பக்கத்தில் இருந்த நான் வாய் திறக்கவில்லை, ஆனால் டொக்டர் கெட்டிக்காரர். பேனையை வைத்துவிட்டு "என்ன காரணம்?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் அந்த அறையில் அண்ணாவின் பெயர் வந்தது.

எல்லா டொக்டரும் பேனையை வைக்க மாட்டார்கள். ஆகவே நீங்களே சொல்லுங்கள்: "இந்தக் கேள்விக்குச் சரியாக ஓம், இல்லை சொல்லத் தெரியேல்லை, என்ன நடக்குதெண்டு சொல்லுறன்." படி 1இல் எழுதிய தாளை எடுத்து வாசியுங்கள்.

படி 5: முதல் அமர்வு. இது நேர்காணல் அல்ல

அகதிக் கோரிக்கை வழியாக வந்தவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. திணைக்கள நேர்காணலில் ஒரு திகதி பிசகினால் கதையே பொய் என்று எழுதிவிடுவார்கள் என்று நடுங்கி, ஒழுங்காக, வருடம் மாதத்தோடு சொல்லப் பழகியிருப்பீர்கள். உளவளத்துணை அறையிலும் கதிரை நுனியில் இருந்துகொண்டு "1995இல் இடம்பெயர்ந்தோம், 2006இல்..." என்று ஒப்புவிக்கத் தோன்றும். வேண்டாம். இங்கே யாரும் சரிபார்க்கப் போவதில்லை. திகதி மறந்தால் மறந்ததுதான். ஆகக் கொடிய பகுதியை முதல் நாளே சொல்ல வேண்டும் என்ற சட்டமும் இல்லை. "இதைப் பற்றி இப்ப கதைக்க ஏலாது" என்பது முழுமையான பதில். நல்ல உளவளத்துணையாளர் அதற்கு மேல் தோண்ட மாட்டார். முதல் சில கிழமைகள் நித்திரை, மூச்சு, வீட்டுச் செலவு, பிள்ளையின் பள்ளி என்றே போகலாம். அது நேரத்தை வீணாக்குவது என்று நினைக்காதீர்கள்.

கதவுக்கு முதுகு காட்டி இருக்கப் பிடிக்காவிட்டால் கதிரையை மாற்றச் சொல்லுங்கள். மூடிய அறை ஒத்துவராவிட்டால் கதவை நீக்கலாக விடச் சொல்லுங்கள். இவை அவர்கள் கேட்டுப் பழகிய வேண்டுகோள்கள்.

படி 6: உங்கள் வழக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள்

பண்பாட்டை மதிப்பது என்றால் சுவரில் பிள்ளையார் படம் மாட்டுவது அல்ல. உங்கள் வாழ்க்கை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டு அதற்குள் நின்று உதவுவது. அதற்கு அவர்களுக்குத் தகவல் வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவர் வீட்டில் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். கிளிநொச்சியில் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் தெருவோரம் அமர்ந்து பிள்ளைகளைக் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் இங்கேயும் பலர் வேலைக்குப் போய் வருகிறார்கள். எங்கள் வீட்டில் அண்ணாவுக்கு அந்தியேட்டி செய்யவில்லை, திவசம் இல்லை, படத்துக்கு மாலை இல்லை. ஆங்கிலத்தில் "அவர் எப்படிப்பட்டவராக இருந்தார்?" என்று சாதாரணமாகக் கேட்பார்கள். அந்த "இருந்தார்" அம்மாவுக்குக் கத்தி. இரண்டாம் அமர்வில் அம்மா உரைபெயர்ப்பாளரைப் பார்த்து, "என்ர பிள்ளையை 'இருந்தார்' எண்டு கேக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ, 'இருக்கிறார்' எண்டு கேக்கச் சொல்லுங்கோ" என்றாராம். உளவளத்துணையாளர் தன் குறிப்பேட்டில் அதை எழுதி அடிக்கோடு போட்டார் என்று வீட்டுக்கு வந்து அம்மா சொன்னார். பிறகு ஒருநாளும் பிசகவில்லை. ஏற்றுக்கொண்டு கடந்துபோக வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் நீங்களும் இப்படிச் சொல்லலாம்.

அடுத்தது குடும்பம். "உங்களுக்காக மட்டும் யோசியுங்கள்", "ஊருக்குக் காசு அனுப்புவதை நிறுத்துங்கள்" போன்ற யோசனைகள் வரலாம். தங்கையின் கலியாணமும் அப்பாவின் கண் ஒப்பரேஷனும் உங்கள் சம்பளத்தில் தொங்கும்போது அது யோசனையே அல்ல. சும்மா தலையாட்டிவிட்டு வராதீர்கள். "அனுப்பாமல் இருக்க ஏலாது, அனுப்பிக்கொண்டே எப்படிச் சமாளிக்கிறது?" என்று கேளுங்கள். தலையாட்டுவதை அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது மரியாதை மட்டும்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்திலும் பிறகு அடிலெய்டிலும் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனி ஆளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று நீண்டகாலமாக எழுதி வந்திருக்கிறார். அந்தக் கண்ணால் பார்க்கும் உளவளத்துணையாளர் "வீட்டில் வேறு யார் யார்?" என்று கேட்பார். விரும்பினால் அவர்களையும் ஒருநாள் கூட்டி வரச் சொல்வார்.

கோயில், தேவாலயம், விரதம், தியானம், எது உங்களைத் தாங்குகிறதோ அதைச் சொல்லுங்கள். கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் குளிசை போடுவதில்லை என்றால் டொக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். ஊரிலிருந்து வந்த சித்த, ஆயுர்வேத மருந்து எடுத்தாலும் அப்படியே. திடீரென்று குளிசையை நிறுத்த வேண்டாம்.

நாட்களையும் சொல்லி வையுங்கள். முள்ளிவாய்க்கால் நாளான மே 18, கறுப்பு யூலை நினைவு வரும் யூலைக் கடைசி, மாவீரர் நாளான நவம்பர் 27, உங்கள் வீட்டுத் துயர நாள். அந்தக் கிழமைகளில் நித்திரை கெடும், பழைய கனவு வரும். முன்கூட்டியே தெரிந்தால் அந்தக் கிழமைக்கு ஒரு அமர்வை ஒதுக்கி வைப்பார்கள்.

ஒத்துவராவிட்டால்

இரண்டு மூன்று தடவை போயும் அந்த ஆளோடு மனம் ஒட்டவில்லை என்றால் மாற்றிக் கேளுங்கள். எங்கள் ஆட்கள் "பாவம், மனம் நோவார்" என்று காரணம் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். வரவேற்பில் "வேறு ஒருவரைப் பார்க்க விரும்புகிறேன்" என்றால் போதும், விளக்கம் தேவையில்லை. தமிழ் உளவளத்துணையாளரிடம்தான் போக வேண்டும் என்றும் இல்லை. சிலருக்கு எங்கள் ஆளிடம் சொல்வது சுகம், சிலருக்கு எங்களை அறியாத ஒருவரிடம் சொல்வதுதான் சுகம். அம்மாவின் உளவளத்துணையாளர் பொஸ்னியாவிலிருந்து வந்தவர்.

வர முடியாவிட்டால் முந்தின நாளே அழைத்துச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் சில தனியார் இடங்களில் கட்டணம் வரும், உரைபெயர்ப்பாளரின் நேரமும் போகும்.

வேலைக்காக வேறு மாநிலத்துக்கு வீடு மாறுகிறவர்கள், போவதற்கு முன் கடைசி அமர்வில் "ட்ரான்ஸ்ஃபர்" கேளுங்கள். ஒரு தாளில் கையெழுத்து வைத்தால் உங்கள் சுருக்கக் குறிப்பு அங்கே இருக்கும் சேவைக்குப் போகும். என்ன எழுதியிருக்கிறது என்று அனுப்ப முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விடுபட வேண்டியது இருந்தால் விடச் சொல்லுங்கள். புது இடத்தில் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டி வராது.